நெப்போலியன் படையின் சாதாரணச் சிப்பாய்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

பனிப்பாதை (கேள்வி):

நெப்போலியன் போர்களைப் பற்றிப் பெரிய வரலாற்று நூல்கள் நாலைந்து படித்து முடித்துவிட்டேன். எல்லாமே மேட்டின் மேல் குதிரையில் உட்கார்ந்திருக்கிற ஆளின் கண்ணால் எழுதப்பட்டவை. இந்தப் பிரிவு இடப்பக்கம் நகர்ந்தது, அந்தப் பிரிவு வலப்பக்கம் வளைத்தது, இருட்டுவதற்குள் இத்தனை ஆயிரம் பேர் போனார்கள். அந்த இத்தனை ஆயிரத்தில் ஒருவன் அன்று காலையில் எதையாவது தின்றானா, அவன் காலில் போட ஏதாவது இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த எரிச்சலில்தான் சார்ஜென்ட் பூர்கோஞ் எழுதிய நினைவுக்குறிப்பை ஆங்கிலத்தில் எடுத்தேன். அட்ரியன் பூர்கோஞ், 1785-இல் பிரான்சின் வட எல்லையில் கோந்தே என்கிற ஊரில் பிறந்தவர், பேரரசுக் காவல்படையில் சார்ஜென்ட். 1812-இல் மாஸ்கோ வரைக்கும் போய்த் திரும்பி வந்த கதை. எடுத்தேன், வைக்க முடியவில்லை.

அக்டோபர் 19 மாஸ்கோவை விட்டுக் கிளம்பும்போது தன் முதுகுப் பையில் என்னென்ன இருந்தன என்று மனிதர் பட்டியலே போடுகிறார். சர்க்கரை, கொஞ்சம் அரிசி, பிஸ்கட், தங்க இழையும் வெள்ளி இழையும் ஓடுகிற சீனப் பட்டு உடை (பெண்கள் உடுத்துவது), வெள்ளித் தகட்டில் செய்த படங்கள், யாரோ ஒரு ரஷ்ய இளவரசனின் எச்சில் துப்பும் கிண்ணம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போகிறவன் எடுத்துப் போகிற சாமானா இது! ஒரு மாதம் கழித்து அதே ஆள் செத்த குதிரையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் நிற்கிறார்.

இன்னொரு இடம். பசி முற்றிப்போன கட்டத்தில், அப்போது எதிரே ஒருவன் ரொட்டியோடு வந்திருந்தால் பாதியைக் கேட்டு வாங்கியிருப்பேன் என்று எழுதுகிறார். உடனே தன்னையே திருத்திக்கொள்கிறார்: இல்லை, முழு ரொட்டிக்காக அவனைக் கொன்றிருப்பேன் என்று. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் சந்தேகம். இவ்வளவு துல்லியமாக ஒரு மனிதனுக்கு எப்படி நினைவிருக்கும்? எந்த இரவில் யார் என்ன பேசினார்கள் என்பதுவரை எழுதியிருக்கிறாரே. உறைபனியில் உட்கார்ந்து குறிப்பெழுதியிருக்க முடியாது, மையே கட்டியாகிப் போயிருக்கும். அப்படியென்றால் இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பிற்பாடு கட்டியது? காவல்படை சார்ஜென்ட் என்பவர் உண்மையிலேயே "சாதாரணச் சிப்பாய்"தானா? அடுத்து எதைப் படிக்கலாம்? தளபதிகள், பிரபுக்கள் எழுதியவை வேண்டாம், அவை போதும் போதும் என்றாகிவிட்டது.


பழங்காகிதம்:

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். முதலில் நினைவு விஷயம். பூர்கோஞ் 1813-இல் பிரஷ்யர்களிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்தார். முதல் வரைவு அங்கே பிறந்தது, அதாவது சம்பவம் நடந்து ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள். அப்புறம் ஊருக்கு வந்து துணிக்கடை வைத்து, திரும்பவும் ராணுவ வேலைக்குப் போய், வயதான பிறகும் அதைச் சீர்செய்துகொண்டே இருந்திருக்கிறார். பழைய தோழர்கள் கூடும்போதெல்லாம் இதே பேச்சுதான். 1857-இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் கொஞ்சம் வந்தது. 1867-இல் அவர் இறந்தார், அதற்கு முப்பது ஆண்டு ஆகிற சமயத்தில்தான் பால் கொத்தேன் என்பவர் முழுசாகப் பதிப்பித்தார். ஆகவே ஒரே மூச்சில் எழுதியது இல்லை. சூடாக இருக்கும்போது எழுதியதும், பல தடவை வாயால் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போனதும் ஒன்றாகக் கிடக்கின்றன. படிக்கும்போது எது எது என்று ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். வசனம் அழகாக வருகிற இடமெல்லாம் பிந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்கார் என்கிற பழைய சிப்பாய் காட்டில் அவரோடு சேர்ந்துகொண்டு அடிக்கிற நகைச்சுவையெல்லாம் அந்த ரகம். பிக்கார் இருந்திருப்பார், அவ்வளவு சரளமாக அவர் பேசியிருப்பாரா என்பதுதான் சந்தேகம்.

என் அனுபவத்தில் இந்த ஆட்கள் வயிறு, கால், தூக்கம், பேன் இவற்றைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். போரின் போக்கைப் பற்றிச் சொல்வதை நம்பக் கூடாது. வரிசையில் நிற்கிற சிப்பாய்க்குக் கருமருந்துப் புகையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பின்னாளில் யாரோ எழுதிய வரலாற்றைப் படித்துவிட்டு, "ஓகோ, நான் நின்றது இந்த இடமா" என்று நிரப்பிக்கொள்கிறார்கள். அதுவும் "புல்லட்டின்" என்கிற நெப்போலியனுடைய அதிகாரபூர்வ அறிக்கைகளை வைத்து நிரப்பினால் கேட்கவே வேண்டாம். புளுகினால் "புல்லட்டின் மாதிரிப் புளுகுகிறான்" என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களிடையே பழமொழியாகவே ஆகிவிட்டது.

அடுத்து நீங்கள் படிக்க வேண்டியவர் கேப்டன் குவாஞே. கேப்டன் என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜான்-ரோக் குவாஞே, 1776-இல் பர்கண்டியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சிற்றன்னைக் கொடுமை தாங்காமல் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடி ஆடு மேய்த்தார், அப்புறம் குதிரை வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தார். 1799-இல் கட்டாய ஆள்சேர்ப்பில் படைக்கு வந்தபோது எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. முப்பத்துமூன்று வயதில், காவல்படையில் இருந்துகொண்டே, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்று ஓசேர் நகரில் மளிகைக் கடை வைத்திருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவி இறந்த பிறகு, 1848-இல், எழுபது வயதைத் தாண்டி எழுத உட்காருகிறார். 1851 முதல் 1853 வரை சொந்தக் காசில் அச்சிட்டு, தானே விற்றிருக்கிறார்.

எழுத்து பேசுகிற மாதிரியே இருக்கும். மனிதர் உயரம் போதாதவர். காவல்படையில் சேர அளவெடுக்கும்போது காலுறைக்குள் சீட்டுக்கட்டைச் செருகிக்கொண்டு நின்றதை ஒரு வெட்கமும் இல்லாமல் சொல்கிறார். 1800 மே மாதம் ஆல்ப்ஸ் மலையில் பெரிய சான் பெர்னார் கணவாயைப் படை கடந்தது. அதைப் பற்றிய ஓவியம் எல்லோருக்கும் தெரியும்: முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரை, காற்றில் பறக்கிற மேலாடை. நிஜத்தில் நெப்போலியன் போனது கோவேறு கழுதையில். குவாஞேயைக் கேட்டால் அந்த மலை வேறு மாதிரி இருக்கிறது. மரத்தைக் குடைந்து அதற்குள் பீரங்கிக் குழலைப் படுக்கவைத்து, கயிறு கட்டி, சிப்பாய்கள் மாடு மாதிரி இழுத்துப் போயிருக்கிறார்கள். காலணி கிழிந்து தொங்குகிறது. உச்சியில் மடத்துத் துறவிகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒயினும் கொடுத்தார்களே என்பதை நாற்பத்தெட்டு வருஷம் கழித்தும் நன்றியோடு எழுதுகிறார்.

மரெங்கோ போரில் (1800 ஜூன் 14) சுட்டுச் சுட்டுத் துப்பாக்கிக் குழாயில் கசடு அடைத்துக்கொண்டுவிட்டது, அடுத்த தோட்டா இறங்கவில்லை. என்ன செய்தார்கள்? குழாய்க்குள் சிறுநீர் கழித்துக் கழுவினார்கள், பிறகு கொஞ்சம் வெடிமருந்தைத் தூவிக் கொளுத்தி உலர்த்தினார்கள். எந்தத் தளபதியின் நினைவுக்குறிப்பிலாவது இது வருமா? கருமருந்து எரிந்தால் இவ்வளவு கசடு தங்கும் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது.

அப்புறம் போலந்துச் சேறு. 1806 கடைசியில், புல்துஸ்க் பக்கம். காலணியைக் கணுக்காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, ஒரு காலை எடுத்து வைத்ததும் பின்னால் மாட்டிக்கொண்ட காலை இரண்டு கையாலும் பிடித்துக் காரட் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கி முன்னால் போட வேண்டும். அடுத்த அடிக்கும் அதேதான். பல போர்களைப் பார்த்த பழைய ஆட்களே அந்தச் சேற்றில் மனம் உடைந்து தங்களைச் சுட்டுக்கொண்டார்கள் என்கிறார்.


குதிரைலாடம்:

பழங்காகிதம் சொன்னதில் தகவல் தப்பில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் "சாதாரணச் சிப்பாய்" என்கிறார், நீங்கள் இரண்டாவது காவல்படைக்காரரைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். காவல்படை என்பது வீட்டின் செல்லப்பிள்ளை. சம்பளம் அதிகம், ரொட்டி முதலில் வரும், தங்க நல்ல இடம் முதலில் கிடைக்கும், பல போர்களில் கடைசிவரை சண்டைக்கே அனுப்பாமல் பின்னால் நிறுத்திவைத்திருப்பார்கள். 1812 செப்டம்பர் 7 போரோடினோவில் ஊரே செத்துக்கொண்டிருந்தபோது பழைய காவல்படையை நெப்போலியன் கடைசிவரை இறக்கவே இல்லை. பின்வாங்கும்போதும் அவர்கள் சக்கரவர்த்திக்குப் பக்கத்திலேயே நடந்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத காலாட்படை ரெஜிமெண்டில் 1811-இல் இழுத்துவரப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அவன் நினைவுக்குறிப்பு எழுதவில்லை. ஒன்று செத்துப்போனான், அல்லது எழுதத் தெரியாது, அல்லது திரும்பி வந்து உழப் போய்விட்டான், அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

நமக்குக் கிடைப்பவை பிழைத்தவன், எழுதத் தெரிந்தவன், தன் படையைப் பற்றிப் பெருமை உள்ளவன் என்கிற மூன்று சல்லடையும் தாண்டி வந்தவை. அந்தப் பெருமை பெரிய ஆபத்து. பசியைத் திட்டுவார்கள், சேற்றைத் திட்டுவார்கள், சப்ளை அதிகாரிகளைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள், நெப்போலியனை மட்டும் தொடமாட்டார்கள். பூர்கோஞ்சும் அப்படித்தான், குவாஞேயும் அப்படித்தான்.

கட்டாய ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்தப் பெருமைக்குப் பின்னால் மறைந்திருப்பது தெரியும். 1798 செப்டம்பர் சட்டப்படி இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை உள்ள ஆண்கள் பட்டியலில் வருவார்கள். பிற்பாடு சீட்டுக் குலுக்கல். கெட்ட எண் வந்தால் போக வேண்டும். கையில் பணமிருந்தால் தனக்குப் பதிலாக ஓர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பலாம். பணமில்லாதவன் என்ன செய்வான்? தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும் என்பதால் முன்பல்லை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. விரலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. கல்யாணம் ஆனவனை எடுக்கமாட்டார்கள் என்பதால் பாட்டி வயதுப் பெண்ணை அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட உண்டு. காட்டுக்குள் ஓடினால், ஆள் திரும்பி வரும்வரை அவன் வீட்டில் சிப்பாய்களைத் தங்கவைத்துக் குடும்பத்தின் செலவிலேயே தின்னவிடுவார்கள். இவர்களெல்லாம் சேர்ந்ததுதான் அந்த மகா சேனை.

ஆகவே என் பரிந்துரை இரண்டு. முதலாவது ஜேக்கப் வால்டர். பிரெஞ்சுக்காரர் இல்லை, நெப்போலியனோடு கூட்டு வைத்திருந்த வூர்ட்டம்பர்க் நாட்டுக் கல்தச்சர், கடைசிவரை வெறும் காலாள். அதனால்தான் சொல்கிறேன். அவருக்கு நெப்போலியனிடம் பக்தி எதுவும் கிடையாது, எவனோ ஒருவனுடைய சண்டைக்குத் தன்னை இழுத்துவந்துவிட்டார்கள் என்கிற எண்ணம்தான். ரஷ்யாவுக்குள் போகும்போதே, வெயிலில், ஒரு பெரிய போரும் நடக்காத முன்பே, பசியாலும் வயிற்றுப்போக்காலும் ஆட்கள் எப்படி உதிர்ந்தார்கள் என்று அவர் எழுதுவதைப் படியுங்கள். எல்லோரும் பனி பனி என்கிறார்கள், பாதிப் படை பனி விழுவதற்கு முன்பே காலி. கிராமத்து ஜனங்கள் மண்ணுக்குள் புதைத்துவைத்த தானியத்தைத் தோண்டித் தோண்டி எடுத்ததை மறைக்காமல் சொல்கிறார், திருட்டு என்று அவருக்கே தெரிகிறது, பசியும் தெரிகிறது. பெரெசினா ஆற்றுப் பக்கத்தில் நெப்போலியனைப் பார்க்கிறார். நாசமாகிப்போன தன் படை எதிரே நடந்து போவதை அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே என்ன நினைத்தாரோ தெரியாது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டே வரி. அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. வூர்ட்டம்பர்க்கிலிருந்து சுமார் 15,000 பேர் போனார்கள், திரும்பியது சில நூறு.

இரண்டாவது, நினைவுக்குறிப்பே வேண்டாம், கடிதம் படியுங்கள். இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் பகுதி அப்போது பிரான்சின் ஊர்த் மாவட்டமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பையன்கள் வீட்டுக்கு எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் ஆவணக்காப்பகத்தில் பிழைத்திருந்து, 1936-இல் ஒரு தொகுப்பாக வந்தன. பாசத்தால் மட்டும் பிழைக்கவில்லை. ஒரு மகன் படையில் இருக்கிறான் என்று காட்டினால் இன்னொரு மகனுக்கு விலக்குக் கேட்கலாம், அதற்குச் சாட்சி இந்தக் கடிதம்தான். குமாஸ்தா வாங்கிக் கோப்பில் வைத்ததால் நமக்குக் கிடைத்தது!


பனிப்பாதை:

ரொம்ப நன்றி, இருவருக்கும். காவல்படை பற்றிக் குதிரைலாடம் சொன்னது உறைக்கிறது. படிக்கும்போது எனக்கும் ஓரிடத்தில் உறுத்தியது, சொல்லத் தெரியவில்லை. பூர்கோஞ்சின் கம்பெனியில் நாவிதரின் மனைவி, படையோடு கூடவே வந்து சாப்பாடும் சாராயமும் விற்கிற பெண், பனிக்கு நடுவில் குழந்தை பெறுகிறாள். கர்னல் தன் மேலங்கியைக் கொடுக்கிறார், அவளை ஏற்றிப்போகக் குதிரை கொடுக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில நாளில் குழந்தை அவள் கையிலேயே விறைத்துச் செத்துப்போகிறது. அப்போது தோன்றியது, குதிரை கொடுக்கக் கர்னல் இருந்த ரெஜிமெண்ட் இது. மற்ற ரெஜிமெண்டுகளில் எத்தனை பெண்கள் எப்படியோ என்று.

கடிதங்களில் என்னதான் எழுதுவார்கள்? பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது என்கிறீர்களே, பிறகு எப்படிக் கடிதம்? அப்புறம் இன்னொன்று. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைச் சுட்டது தான்தான் என்று ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் எழுதிய நினைவுக்குறிப்பு இருப்பதாக எங்கோ பார்த்தேன். அது படிக்கத் தகுந்ததா?


குதிரைலாடம்:

எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதவைப்பார்கள், அதனால்தான் தொடக்கம் எல்லாக் கடிதத்திலும் அச்சு வார்த்தாற்போல் இருக்கும்: நான் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிறகு பணம் அனுப்பச் சொல்வது. பிறகு அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரிப்பது. நடுவில் எங்காவது ஒரு வரி ஒயின் விலையைப் பற்றி, ரொட்டி கறுப்பாக இருப்பதைப் பற்றி. பெரிய போர் ஒன்று நடந்திருக்கும், அதற்கு அரை வரி. கூட வந்த பக்கத்து ஊர்க்காரன் எங்கே போனான் என்று தெரியவில்லை என்பதற்கு மூன்று வரி. நினைவுக்குறிப்பு எழுதுகிறவனுக்குக் கதை எப்படி முடிந்தது என்று தெரியும். கடிதம் எழுதுகிறவனுக்குத் தெரியாது. 1812 மே மாதத்தில் ஜெர்மனியில் எங்கோ இருந்துகொண்டு, எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை என்று எழுதுகிற பையனைப் படிக்கும்போது நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.


மூன்றாம்வரிசை:

நெல்சனைச் சுட்டவர் கதைக்கு நான் வருகிறேன், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன்.

ரோபேர் கில்மார், ஓய்வு பெற்ற சார்ஜென்ட், என்கிற பெயரில் 1826-இல் பாரிஸில் வந்தது. ஆங்கிலத்திலும் உடனே வந்துவிட்டது. டிராஃபல்கர் கடற்போரில் பாய்மரத்தின் மேல் இருந்துகொண்டு நெல்சனைச் சுட்டது நான்தான் என்பார். பிறகு தோற்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வில்நவ்வுக்கே எழுத்தராகிறார். 1806 ஏப்ரலில் ரென் நகரத்து விடுதியில் வில்நவ் கத்திக் குத்துகளோடு செத்துக் கிடந்தாரே, தற்கொலை என்று முடித்தார்களே, அது கொலைதான், நான் பார்த்தேன் என்பார். படிக்கப் படிக்க எனக்கு ஆகா ஆகா என்றிருந்தது. நண்பர்களிடமெல்லாம் சொல்லியும்விட்டேன்.

அப்படி ஓர் ஆளே இல்லை. அலெக்சாந்தர் லார்டியே என்கிற எழுத்தாளர் உட்கார்ந்து கட்டியது. 1830-இல் கடற்படை இதழ் ஒன்றில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் இங்கிலாந்தில் எவரும் அந்த இதழைப் படிக்கவில்லை போலிருக்கிறது, பல பத்தாண்டுகள் கில்மாரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது திருப்பிப் பார்த்தால் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வரலாற்றில் எங்கெல்லாம் சுவாரசியமோ அங்கெல்லாம் ஒரே ஆள் நிற்கிறான். நிஜச் சிப்பாய் முக்கியமான இடத்தில் இருக்கவே மாட்டான். முக்கியமான சம்பவம் நடக்கும்போது அவன் வைக்கோல் தேடப் போயிருப்பான். குவாஞேவே வாட்டர்லூவில் பெரும்பாலும் தலைமையகத்து வண்டிகள், சாமான்களோடு கட்டிக்கொண்டு அழுகிற ஆள்தானே. அந்தச் சலிப்புதான் அவர் நிஜமான ஆள் என்பதற்கு அத்தாட்சி என்று எனக்குப் படுகிறது.


பழங்காகிதம்:

கில்மார் விஷயம் சரியே. ஆனால் குவாஞேவும் தற்புகழ்ச்சியில் சளைத்தவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொந்தபெல்லோ அவருடைய முதல் சண்டை, 1800 ஜூன் 9. அதில் தனியாளாகப் பாய்ந்து ஐந்து ஆஸ்திரியப் பீரங்கிக்காரர்களைக் குத்திக் கொன்று பீரங்கியைப் பிடித்தேன் என்கிறார். ஐந்து பேரா, மூன்று பேரா, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஆனால் அந்தச் செயலுக்காக அவருக்குக் கௌரவத் துப்பாக்கி கிடைத்தது நிஜம். அதனால்தான் 1804 ஜூலை 15 பாரிஸ் இன்வாலித் மாளிகையில் லெஜியன் ஆஃப் ஹானர் என்கிற கௌரவ விருது முதல்முறை வழங்கப்பட்டபோது வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே எலும்பு நிஜம், மேலே சதை கொஞ்சம் கூடுதல்.

குதிரைலாடம் சொன்ன காவல்படைக் குறையை ஏற்கிறேன், பாதி மட்டும். குவாஞே காவல்படையில் பிறக்கவில்லை. ஆடு மேய்த்த பையன், எழுத்தறியாதவன், சாதாரண அரைப் பிரிகேடில்தான் (அன்றைய காலாட்படை ரெஜிமெண்ட்) தொடங்கினான். அவனைப் போன்றவனுக்கு அந்தப் படை மேலே ஏற ஓர் ஏணியாக இருந்தது, அதனால்தான் அந்தப் பக்தி. அந்தப் பக்தியையும் ஒரு சான்றாகப் படிக்கலாமே.


குதிரைலாடம்:

ஏணி என்பது சரி. ஏணியின் மேலே நிற்கிறவனிடம் மட்டும் கேட்டால் ஏணி நல்ல ஏணி என்றுதான் சொல்வான். இதோடு விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் நாம் இருவரும் ராத்திரி முழுக்க இங்கேயேதான்.


நுண்ணோக்கி:

நான் வரலாறு படித்தவன் இல்லை, உயிரியல் பக்கம். ஆனால் பழங்காகிதம் "பேன் விஷயத்தில் நம்பலாம்" என்று போகிறபோக்கில் எழுதியதற்கு வலுவான ஆதாரம் இருப்பதால் சொல்கிறேன்.

பூர்கோஞ்சில் ஓரிடம் வரும். கோரைப்பாயில் படுத்துத் தூங்குகிறார், அரிப்பு தாங்காமல் விழித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் பேன். சட்டையையும் காற்சட்டையையும் கழற்றி நெருப்பில் போடுகிறார், இரண்டு வரிசைக் காலாட்படை சுட்டது மாதிரிப் படபடவென்று வெடித்தது என்கிறார். மிகையாகச் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும்.

2001-இல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரத்தில் பழைய ராணுவக் குடியிருப்பை இடித்துத் தோண்டும்போது பெரிய கூட்டுப் புதைகுழி ஒன்று அகப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள். சீருடைப் பொத்தான்களையும் காசுகளையும் வைத்து 1812 டிசம்பரில் அந்த ஊர்வரை வந்து சேர்ந்து செத்தவர்கள் என்று கண்டார்கள். அந்த மண்ணைச் சலித்தபோது உடற்பேன்களின் துண்டுகளே கிடைத்தன. 2006-இல் வந்த ஆய்வு, அந்தப் பேன்களில் அகழிக் காய்ச்சல் (பேன் பரப்புகிற நோய்) கிருமியின் மரபணுவைக் காட்டியது. சிப்பாய்களின் பற்களுக்குள்ளிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள்: 35 பேரில் 7 பேரிடம் அதே கிருமி, 3 பேரிடம் டைஃபஸ் கிருமி (இதுவும் பேன் பரப்புவது, டைஃபாய்டு வேறு). 2025-இல் வேறொரு குழு, புதிய முறையில், வேறு 13 பேரின் பற்களைப் பார்த்தபோது டைஃபஸ் தென்படவில்லை. பாராடைஃபாய்டும், பேன் மூலம் பரவுகிற மீள் காய்ச்சலும் கிடைத்தன. ஒரே நோய் இல்லை, பலதும் ஒரே நேரத்தில் அந்த உடம்புகளில் ஏறியிருக்கின்றன. அசுத்தத் தண்ணீர், கெட்ட தீனி வழியாக வருவது பாராடைஃபாய்டு, ஆகவே வால்டர் சொல்கிற வயிற்றுப்போக்குக் கதையையும் சேர்த்துப் படித்தால் பொருந்திப்போகிறது.

பூர்கோஞ்சும் அந்த டிசம்பரில் வில்னியஸ் வழியாகத்தான் போனார். அந்தக் குழியில் கிடப்பவர்களில் சிலர் அவர் பார்த்த முகங்களாகக்கூட இருக்கலாம்.


பனிப்பாதை:

இதை எதிர்பார்க்கவே இல்லை. பேன் வெடித்த இடத்தைப் படித்தபோது நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வால்டரைத் தொடங்கிவிட்டேன், அறுபது பக்கம் ஆயிற்று. குதிரைலாடம் சொன்னது போலவே, ஆளிடம் அலங்காரமே இல்லை. பூர்கோஞ் ஒரு இரவை இருபது பக்கம் எழுதுவார், இவர் ஒரு வாரத்தை நாலு வரியில் முடித்துவிடுகிறார், அப்புறம் திடீரென்று மாவில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் சுட்டுத் தின்றதற்கு ஒரு முழுப் பத்தி. எங்கே நிற்பார் எங்கே ஓடுவார் என்று கணிக்க முடியவில்லை. முன்னுரையை விட்டுவிட்டு நேராக உள்ளே போனேன், அது சரிதானே?


குதிரைலாடம்:

சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். கையெழுத்துப் பிரதி எப்படி அமெரிக்காவின் கான்சாஸ் வரைக்கும் போனது என்பது அதில் இருக்கிறது. மகன் அங்கே குடியேறியவர். பின்வாங்கும்போது ஊர்க்காரன் ஒருவன் தன் ரொட்டியில் பங்கு கொடுக்கிற இடம் வரும். அங்கே வந்ததும் பூர்கோஞ்சின் அந்த ரொட்டி வரியை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் அதே சாலையில், அதே குளிரில் போனவர்கள்.